அலுமாரிக் கதவில் தோன்றிய முகம்

செலீன் குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் இரத்தினவேலின் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணை, எங்கட வீட்டில மாதா வந்திருக்கிறா. இல்லையெண்டால் என்ர மனுசன் ஊரை ஏமாத்திறார். எது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

இரத்தினவேல் மட்டக்களப்பில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அது 1987 மாசி மாதம்; அப்போது ரொறன்ரோவில் ஒரு காப்புறுதிக் கம்பனிக்காகத் தீவிபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் அமைதியாகக் கேட்டார். நண்பர் தியாகலிங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை; கார்ச் சாவி ஏற்கெனவே அவர் கைக்கு வந்துவிட்டது.

செலீனும் கணவன் நீக்கிலாஸும் பழைய அலுமாரி ஒன்று வாங்கியிருந்தார்கள். வெளியே பனி என்பதால், நகரின் வோபர்ன் பகுதியிலுள்ள தங்கள் அப்பாட்மென்றுக்குள்ளேயே பெயின்ற் அடிக்க ஆயத்தம் செய்தார்கள். சனிக்கிழமை நீக்கிலாஸ் கதவுகளைக் கழற்றி, சலவைச் சோடா கரைத்த சுடுதண்ணீரால் உள்ளும் புறமும் கழுவினான். அவற்றை உட்பக்கம் தெரிய ஹீற்றரருகே சாய்த்துவைத்தான். பிறகு தரையெங்கும் பத்திரிகைத் தாள் விரித்து, அலுமாரியைச் சாண்ட் பேப்பரால் தேய்த்தான். ஞாயிறு பூசை முடிந்து வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தபோது, ஒரு கதவில் ஒரு பெண்ணின் முகம் இருந்தது.

"பக்கத்து வீட்டு மக்டலீன் எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. வாசல் நிறையச் சனம், மெழுகுதிரி. இப்ப, நீக்கிலாஸ் மன்னாரில கோயில் சுருவங்களுக்கு, சிலையளுக்கு வர்ணம் தீட்டினவர், அவர்தான் கீறியிருப்பார் எண்டு கதைக்கினம். அவர் சத்தியம் பண்ணுறார். என்னால நம்பேலாமக் கிடக்கு."

மூவரும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நீக்கிலாஸ் யன்னலைப் பார்த்தபடி நின்றான். சனம் வாசலைத் தாண்டாமல் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. கதவிலிருந்த முகம் எவரையும் உடனே பார்த்துவிடுவதுபோல் உயிரோடிருந்தது. தியாகலிங்கம் தன்னையறியாமல் கைகூப்பினார்.

இரத்தினவேல் தரையைப் பார்த்தார்.

"அண்ணை!" என்றார் தியாகலிங்கம். "எல்லாத் தாளிலயும் மரத்தூசி. கதவடியில கிடக்கிற இந்தத் தாளில மட்டும் இல்லை. ஆரோ பிறகு வந்து இதை விரிச்சு, இதில நிண்டு கீறியிருக்கினம்!"

"அதைத் திருப்பும்," என்றார் இரத்தினவேல்.

மறுபக்கம் பூப்போட்டிருந்தது. "இது கதவின்ர உள்ளுக்கு ஒட்டியிருந்த கடதாசியெல்லோ, தம்பி?"

நீக்கிலாஸ் திரும்பினான். "ஓம். பெயின்ற் அடிக்க முதல் உரிப்பம் எண்டு விட்டனான்."

"சுடுதண்ணியில பசை இளகியிருக்கு. ஹீற்றர்ச் சூட்டில கடதாசி காய்ஞ்சு, நீங்கள் பூசையில நிக்கேக்க தானாக் கழண்டு விழுந்திருக்கு. தூசி அடங்கின பிறகு விழுந்தபடியால் அதில தூசி இல்லை. முகம் முந்தியே அங்க இருந்தது."

"அவரே கீறி, மேல ஒட்டியிருந்தால்?" செலீனின் குரல் இறங்கியிருந்தது.

"கன்னத்தைப் பாரும், தங்கச்சி. வர்ணம் தேய்ஞ்சு மரம் மினுங்குது. சாண்ட் பேப்பர் எண்டால் கீறல் விழும். இது விரல் பட்டுப் பட்டு, வருசக்கணக்காத் தேய்ஞ்சது."

தியாகலிங்கம் கதவைத் தூக்கி அதன் இடத்தில் பொருத்திப் பிடித்தார். முகம் அவருடைய இடுப்பளவுக்கு வந்தது.

"பெரியாக்கள் கும்பிட இவ்வளவு கீழ, பதிவாக் கீறமாட்டினம்," என்றார் இரத்தினவேல். "சின்னப் பிள்ளையின்ர கண்ணுக்கு நேரா இருக்கு. ஒளிவட்டம் இல்லை, தோளில சமையல் ஏப்ரன். இவ ஆரோ ஒரு பிள்ளையின்ர தாய். தாய் வீட்டில இருந்தால், பிள்ளை ஏன் அலுமாரியைத் திறந்து கன்னத்தைத் தடவவேணும்?"

வாசலில் செபம் நின்றுபோயிருந்தது.

"பிறகு மறைச்ச ஆளும் இதைச் சுரண்டேல்லை. மேல பெயின்ற் அடிக்கவும் மனம் வரேல்லைப்போல. கடதாசி மட்டும்தான்."

மக்டலீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்து, மாதா இல்லை என்று தெரிந்த அந்த முகத்தின் முன் முழந்தாளிட்டாள்.

செலீன் கணவனருகே போனாள். "நான் உங்களை நம்பியிருக்கவேணும்."

நீக்கிலாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒட்டுநாடாவையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்தான். "வெளிப்பக்கம் மட்டும் அடிப்பம். இதில ஒரு சொட்டும் படக்கூடாது. அந்த நுனியைப் பிடியும்."

அவள் தாளைப் பிடிக்கவில்லை. ஒற்றை விரலால் அந்தத் தேய்ந்த கன்னத்தைத் தொட்டபடி நின்றாள். அவள் விரலை எடுக்கும்வரை நீக்கிலாஸ் காத்திருந்தான்.