அம்மாவின் இடது கை

அம்மாவின் கையில் ஒன்றும் கேட்கவில்லை.

யதுர்ஷிகாவுக்கு அது புதினமில்லை. தாதியர் கல்லூரியில் சேர்ந்த மூன்று மாதத்தில் அவளுக்கு ஒருவருடைய கையிலும் எதுவும் கேட்டதில்லை. இரத்த அழுத்தம் பார்க்க மேற்கையில் பட்டியைக் கட்டிக் காற்றேற்ற வேண்டும். முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு காற்றை மெல்ல இறக்க வேண்டும். முதல் ‘டொக்’ கேட்கும் இடம் மேல் எண், சத்தம் நிற்கும் இடம் கீழ் எண். கொப்பியில் எழுத இவ்வளவு சுகமான பாடம் வேறில்லை, காதில்தான் ஏறமாட்டேன் என்றது. விடுதியில் பாதிப் பேர் முகத்தைப் பார்த்தே பிறசர் எழுதுகிறவர்கள். இளவட்டம் என்றால் நூற்றுப்பத்துக்கு எழுபது, நரை கண்டால் நூற்றுநாற்பதுக்குத் தொண்ணூறு. யதுர்ஷிகா அதில் பெரிய கெட்டிக்காரி. ஆனால் திங்கட்கிழமை செய்முறைப் பரீட்சை. ஆசிரியையும் இன்னொரு குழாயைக் காதில் போட்டு அதே கையைக் கேட்பார். அந்தப் பயத்தில்தான் பிறசர் மானியை இரவல் வாங்கிக்கொண்டு முரசுமோட்டை வீட்டுக்கு வந்திருந்தாள்.

சிறுபோக வயலில் புல்லுப் பிடுங்கவென்று விடியவே போன அம்மா பத்து மணிக்குத் திரும்பிவிட்டார். தலை சுத்தினது என்று மட்டும் சொன்னார். விறாந்தைக் கதிரையில் இருந்து, கேட்காமலே இடது கையை நீட்டினார். கால்களில் செருப்பில்லை. உடுப்பிலிருந்து ஈரச் சேற்று வாடை வந்தது, வெயில் அந்த எறி எறிந்தும் சேறு காய்ந்திருக்கவில்லை. யதுர்ஷிகா நூற்றெண்பதுக்கு ஏற்றி இறக்கினாள். முள் பூச்சியத்துக்கு வந்து படுத்தது.

“என்ன பிள்ளை, எவ்வளவு?”

“நூற்றிருபதுக்கு எண்பது அம்மா. நல்லாயிருக்கு.”

அம்மா தலையாட்டினார். உள்ளே போய்ப் படுக்கச் சொல்லியும் எழும்பவில்லை. தேத்தண்ணி கொடுத்தாள், குடிக்கவில்லை. அப்பா உரம் எடுக்கப் பரந்தனுக்குப் போயிருந்தார். வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருப்பதாக அவளுக்குப் பட்டது.

படலையில் சத்தம் கேட்டது. பக்கத்துக் காணி குகதாசன் மாமா, வாங்கிப்போன மருந்தடிக்கிற டாங்கியைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். யதுர்ஷிகா ஆளை விடவில்லை. மாமரத்தின் கீழ் கிடந்த மர வாங்கில் இருத்திப் பட்டியைக் கட்டினாள். அவசரத்தில் காதுக்குழாயை வழக்கத்துக்கு மாறாக மற்றப் பக்கம் திருப்பிப் போட்டுவிட்டாள்.

டொக். டொக். டொக்.

நூற்றைம்பதில் தொடங்கித் தொண்ணூற்றிரண்டில் நின்றது. மூன்று மாதமாகக் குழாயை முன்பின்னாகப் போட்டுக்கொண்டுதான் காதைத் திட்டியிருக்கிறாள். வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. தன் கையிலும் கட்டிப் பார்த்தாள். அதிலும் கேட்டது.

போகும்போது மாமா படலையில் நின்று திரும்பினார்.

“கொம்மா இன்னும் வயலுக்குள்ளயோ பிள்ளை? வாய்க்காலடியில அவவின்ர சைக்கிள் சாய்ஞ்சு கிடந்தது.”

அம்மா அப்போதே வந்துவிட்டார் என்று சொன்னாள். அப்படியென்றால் சைக்கிளை யாராவது இரவல் வாங்கியிருப்பார்கள் என்று அவர் நடந்தார். அம்மா வரும்போது சைக்கிள் சத்தம் கேட்டதா என்று யோசித்தபடி யதுர்ஷிகா விறாந்தைக்கு ஏறினாள். கேட்ட ஞாபகமில்லை.

அம்மா அதே கதிரையில் இருந்தார். கையும் அதே நீட்டில் இருந்தது.

இம்முறை குழாயைச் சரியாகப் போட்டாள். இரண்டு விரலால் நாடி தேடினாள். அகப்படவில்லை. சரி, பயத்தில் விரல் மரத்துப்போயிருக்கும். நூற்றெண்பது. பிறகு இருநூறு. காற்றை இறக்க இறக்க ரப்பர் குழாய் முனகுவது கேட்டது, தன் மூச்சு கேட்டது, வீட்டுக் கோடியில் கோழி கிளறுவதுகூடக் கேட்டது. அம்மாவின் கையிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. தோல் வாய்க்கால் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. பட்டியைச் சற்று விலக்கிப் பார்த்தாள். அதன் நெசவு சதையில் பதிந்திருந்தது. பக்கத்திலேயே பத்து மணிக்குக் கட்டியபோது விழுந்த தடம். அதுவும் மறையவில்லை.

ஒரு இலையான் பறந்து வந்து அம்மாவின் கண்மணியில் இருந்தது. இமை மூடவில்லை.

அவளுக்கு அழுகை முட்டியது. இது என் அம்மா, அம்மாவுக்கு ஒன்றும் நடக்கக் கூடாது என்று மனம் கெஞ்சியது. இன்னொரு தரம். இன்னும் ஒரே ஒரு தரம். பட்டியை இறுக்கினாள். ஏற்றினாள். இறக்கினாள். அறுபது. நாற்பது. பூச்சியம்.

டொக்.

பட்டியில் காற்றில்லை. இருந்தும் கேட்டது. மிகத் தூரத்தில். அதைச் சுற்றி நெற்பயிர் உரசும் சத்தம். ஓடுகிற தண்ணீர். அதற்குள் இழுத்து இழுத்து ஒரு மூச்சு.

“யது... ஒருத்தரும் வரேல்லையே பிள்ளை. எழும்பேலாமல் கிடக்கிறன்.”

அம்மாவின் குரல்தான். நிமிர்ந்தாள். கதிரையில் இருந்த முகத்தின் வாய் மூடியிருந்தது.

வாய்க்காலடி ஐந்து நிமிடத் தூரம். ஓடினால் மூன்று. மாமா இன்னும் ஒழுங்கை தாண்டியிருக்க மாட்டார். உயிர் இருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஓடவேண்டும். இப்போதே.

நீட்டியிருந்த கை திரும்பியது. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது.

இழுத்தாள். முடியவில்லை. கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதறியதில் ஒரு காதுக்குழாய் கழன்று தோளில் தொங்கியது.

டொக்.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

டொக்.

கதிரையில் இருந்தது மற்றக் கையை ஆறுதலாக உயர்த்தியது. தொங்கிய குழாயை எடுத்தது. கடைசிச் சத்தம்வரை பிள்ளை தவறாமல் கேட்கட்டும் என்பதுபோல, அதை அவளுடைய காதுக்குள் வைத்து, விரலை எடுக்காமல் அமத்திப் பிடித்தது.