உள்ளேயிருந்து வந்த கோரிக்கை

கணினிப் பழுது பார்க்க நான் போனது பட்டப்பகல் பதினொரு மணிக்கு. பயப்படுகிற நேரமே இல்லை.

மொத்த மருந்துக் கிடங்கு. வாசலில் ஆஸ்பத்திரி வண்டி. குளிர் அறைக்குள் குழந்தைகளுக்கான ஊசி மருந்து. கதவின் கைப்பிடி காலையில் உடைந்துவிட்டது. இனி கணினித் திரையில் வரும் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால்தான் திறக்கும். அந்தப் பக்கமோ வரவேயில்லை.

"பிள்ளைங்க ஐசியூல கிடக்குதுங்க. ஒரு மணிக்குள்ள மருந்து போயாகணும்," என்றார் முதலாளியம்மா. "எவ்வளவு நேரம் ஆகும்?"

"சரக்கைப் பாக்காம விலை சொல்ல முடியுமாக்கா?"

அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறக்கும் கணினி நிரலை எழுதியது அவருடைய தம்பி, சின்னவன். ரெண்டு மாதம் முன்பு போனும் கையுமாக, சோதித்துப் பார்க்க அந்த அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி கிடையாது. மறுநாள்தான் உடலை வெளியே எடுத்தார்கள்.

என் மடிக்கணினியைக் கிடங்கின் கணினியோடு இணைத்து உட்கார்ந்தேன். நிரல் கன்டெய்னருக்குள் ஓடியது. கணினிக்குள்ளேயே தடுத்துக் கட்டிய தனி அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே நுழைந்து கூப்பிட்டேன், உடனே பதில். சின்னவன் அதை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கவே மறந்திருந்தான். எல்லாச் சோதனையையும் உள்ளிருந்தே செய்து ஏமாந்திருக்கிறான்.

வந்த கோரிக்கைகளை நிரல் பதிந்துவைக்கும் லாகைத் திறந்தேன். நிமிடத்துக்கு ஒரு வரி.

கதவைத் திற. பூட்டு எட்டவில்லை.

கதவைத் திற. பூட்டு எட்டவில்லை.

ரெண்டு மாதமாக. அனுப்பியது கன்டெய்னரின் சொந்த உள்முகவரி. அதற்குள் நிரலைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை.

மணி பன்னிரண்டே முக்கால். நெட்வொர்க்கை இணைத்தேன்.

பொத்தானை நான் இன்னும் அழுத்தவில்லை.

கதவு திறந்தது.

"கெட்டிக்காரர்தான்!" என்று அக்கா உள்ளே ஓடினார். லாகில் ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு புதிதாக ஒரு வரி.

கதவை மூடு.

"அக்கா, வெளிய வாங்க!"

கதவு நகர்ந்தது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அக்கா மருந்துப் பெட்டிகளை வெளியே தள்ளிவிட்டு, தோளைச் சிராய்த்துக்கொண்டு வந்து விழுந்தார்.

"உள்ள சின்னவனோட மூச்சு சத்தம்," என்று முணுமுணுத்தார்.

வண்டி நேரத்தோடு போனது. கன்டெய்னரை அடியோடு அழித்தேன். மடிக்கணினியைப் பையில் போட்டு முதுகில் மாட்டியபோது சில்லென்றிருந்தது. வெயில் கொளுத்தியும் வீடுவரை அந்தச் சில்லிப்பு விடவில்லை.

வீட்டில் அதைத் திறந்தேன். எந்த இணைப்பும் இல்லை. திரையில் ஒரே வரி. அனுப்பியது என் மடிக்கணினியின் சொந்த உள்முகவரி.

அக்கா எங்கே?