பத்து நிமிடம் கறுத்த திரை

நான்காவது மாடி பால்கனியிலிருந்து டங்கன் ஃப்ரூ கீழே விழுந்தபோது காலை மணி பத்தே கால்.

தெருவில் பேக்கரி வாசல் வரிசையில் நின்றிருந்த பெண் வீறிட்டு அலறினாள்!

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரக் காற்று அந்த அலறலைத் துறைமுகம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

பதினொரு மணி.

டிடெக்டிவ் மெரே பைவாய், செத்தவனின் மேஜை முன்னால் நின்றிருந்தாள். மானிட்டரில் புரோகிராம் எழுதும் எடிட்டர் திறந்திருந்தது. வெள்ளைப் பின்னணியில் மூன்றே வரி.

'நம் எக்ஸ்டென்ஷனில் பாஸ்வேர்டு திருடும் புரோகிராமை ஒளித்து வைத்தது நான்தான். இனி யார் முகத்திலும் விழிக்க முடியாது. மன்னித்துவிடு, எய்ல்சா.'

அந்த எடிட்டரோடு சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைத் தயாரிக்கும் சின்னக் கம்பெனி அது. ஆயிரக்கணக்கான புரோகிராமர்கள் நம்பிப் பயன்படுத்துகிறார்கள். டங்கனும் ரீஸ் காலண்டரும் கூட்டாளிகள். புது அப்டேட் அன்று பகல் பன்னிரண்டுக்கு வெளியாவதாக இருந்தது.

"தற்கொலைதான் மேடம்..." என்றான் கான்ஸ்டபிள் ஃபெட்டு. "பத்து நாற்பதுக்கு நான்தான் முதல்ல உள்ள வந்தேன். எதையும் தொடலை. மத்த ஆளுங்களுக்கு இன்னிக்கு வீட்டுலேருந்து வேலையாம்."

"அந்த ரீஸ்?"

"மீட்டிங் ரூம்ல உட்கார வச்சிருக்கேன். பத்து மணிக்கே காபி வாங்கக் கீழே போனவர், நாங்க வர்ற வரைக்கும் மேல ஏறவே இல்லைன்னு சொல்றார்."

மெரேயின் போன் அலறியது.

எய்ல்சா! டங்கனின் மனைவி. ஏழு மாத கர்ப்பிணி. கடிதத்தின் விவரம் அவளுக்குப் போயிருந்தது.

"என் புருஷன் திருடன் இல்லை! அந்தத் திருட்டைத் தூக்கி எறியத்தான் இன்னிக்கு அப்டேட்டே! யாரோ உள்ள வச்சிருக்காங்க, கண்டுபிடிச்சுட்டேன்னு நேத்துதான் சொன்னார். பொறக்கப்போற பிள்ளைகிட்ட 'உங்கப்பன் திருடிட்டு செத்துட்டான்'னு நான் சொல்லணுமா?"

"அழாம சொல்லும்மா... வேற ஏதாவது தெரியுமா?"

"அவர் லேப்டாப் இங்க வீட்டுல திறந்தே கிடக்கு. பத்து இருபதுக்கு எடிட்டர் பளிச்சுன்னு கறுப்பா மாறிச்சு! பத்து நிமிஷத்துல திரும்ப வெள்ளை. அவருக்குக் கறுப்பு ஆகவே ஆகாது. கண்ணுல எழுத்தெல்லாம் கலங்கும்."

"வீட்டு லேப்டாப் ஏன் மாறணும்?"

"ஆபீஸ்ல ஒரு செட்டிங்கை மாத்தினா இதுவும் தானா மாறும். அப்படித்தான் ரெண்டையும் இணைச்சு வச்சிருக்கார்."

மெரே அந்த நேரத்தை நோட்டில் குறித்தாள்.

பத்தே காலுக்கு செத்தவன்... பத்து இருபதுக்குக் கலர் மாற்றினானா?

மீட்டிங் ரூமில் ரீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஃபெட்டு கதவோரம் நின்றான்.

"ஒரு சின்ன சந்தேகம் ரீஸ். எனக்கு இந்த எடிட்டர் சமாச்சாரமெல்லாம் சுத்தமாத் தெரியாது. டங்கன் கறுப்பு ஸ்க்ரீன்லதானே வேலை பார்ப்பார்?"

"சேச்சே! வெள்ளை. ஆபீஸே கிண்டல் பண்ணும். என்னால வெள்ளையில ரெண்டு வரிகூட அடிக்க முடியாது... கண்ணைக் குத்தும்."

"அப்ப அப்டேட் வந்தா கலர் தானா மாறிடுமோ?"

"மாறாது மேடம். அப்டேட் வேற, செட்டிங் வேற." ரீஸின் குரலில் வாத்தியார்த்தனம் ஏறியது. தப்பாகச் சொன்னதைத் திருத்தாவிட்டால் இந்த புரோகிராமர்களுக்குத் தூக்கம் வராது!

"மாறியிருக்கே! ஃபெட்டு உள்ள வந்தப்போ ஸ்க்ரீன் கன்னங்கரேல்னு இருந்துச்சாம்."

"இருக்கவே இருக்காது!"

"கறுப்புதான் ரீஸ்."

"யார் சொன்னது? லெட்டரை அடிச்சதும் நான்தானே வெள்ளைக்கு மாத்தி..."

நாக்கு நின்றது.



ரீஸின் முகம் வெளுத்தது.

"மேடம்..." ஃபெட்டு தலையைச் சொறிந்தான். "நான் வந்தப்போ வெள்ளையாதானே இருந்துச்சு?"

"ஆமா."

"பொய்யா...?" ரீஸ் பல்லைக் கடித்தான். "போலீஸ் பொய் சொல்லலாமா?"

"சொன்னது நான். திருத்தினது நீ. பாஸ்வேர்டு திருடினது யாரு?"

"நான்தான்! பன்னிரண்டு மணிக்கு அப்டேட்டோட என் பேரையும் போடப்போறேன்னான். கெஞ்சினேன்... கால்ல விழாத குறை. 'முடியாதுடா'ன்னு பால்கனிக்குப் போய் நின்னான். தள்ளிட்டேன்..."

மெரே போனை எடுத்தாள்.

"எய்ல்சா... டங்கன் திருடலை. உங்களை விட்டுட்டும் போகலை. பிள்ளைகிட்ட நடந்ததை அப்படியே சொல்லலாம்மா."

மறுமுனையில் வெகுநேரம் அழுகை மட்டும்தான் கேட்டது. மெரே போனை வைக்கவில்லை.

ஃபெட்டு விலங்கை எடுத்து ரீஸின் கையில் மாட்டினான்.

"கவலைப்படாதீங்க சார். உள்ள உங்களுக்குப் பிடிச்ச இருட்டு நிறைய இருக்கு... லைட் சுவிட்ச் மட்டும் எங்க பக்கம்!"