மூன்று பத்துக்கு வரும் அழைப்பு

நான்கு நிமிடம். ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினெட்டு நாளாகப் பிற்பகல் மூன்று பத்துக்கு, எண் காட்டாத ஓர் அழைப்பு அலுவலகத்துக்குள் வந்து, "வணக்கம். தயவுசெய்து காத்திருங்கள்" என்கிற பதிவு செய்த வரவேற்புக் குரலை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுப் போயிருந்தது. அந்தக் குரல் அவனுடையது. வேறு ஆளைத் தேடச் சோம்பல்பட்டு, போன் மெக்கானிக்கான அவனே பேசிப் பதிவு செய்தது. நடுவில் விழுந்த செருமலைக்கூட அழிக்கவில்லை.

விடுமுறை நாள். ஏசி நின்றுபோன அறையில் சூடேறிய வயர் வாடையும், எங்கோ குழாய் சொட்டும் சத்தமும். மனைவிக்கு வேலை இருந்ததால் ஏழு வயது மகளை வீட்டில் தனியாக விட்டு வந்திருந்தான். "அப்பா குரலைக் கேக்காம கதவைத் திறக்கக் கூடாது" என்று இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

அவனுக்கு வாட்ச்மேன் மேல்தான் சந்தேகம்.

"அண்ணே, போன் போட்டு விளையாடறது நீங்கதானா?"

"உன் குரலை நேர்ல கேக்கறது போதாதாப்பா?"

இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகம். அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வேலையை முடித்தான். பட்டியலில் உள்ள எண்கள் மட்டும் இனி உள்ளே வரும். மற்றவை வேறு எண்ணுக்குத் திரும்பிவிடும். சோதித்துப் பார்க்க, வழக்கம்போல் அந்த இடத்தில் தன் வீட்டு எண்ணைப் போட்டிருந்தான். சோதித்ததும் அழித்துவிடுவான். இன்று வாட்ச்மேனையே பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்துபோனான்.

மூன்று பத்து. போன் பெட்டியில் விளக்கு எரிந்தது. வரவேற்புக் குரல் பேசவில்லை.

"போய்த் தொலை" என்றான். மனசு லேசானது. வாட்ச்மேன் கதவருகே கைகட்டி நின்றார். அவர் கையில் போன் இல்லை.

அப்புறம்தான் திரையைப் பார்த்தான். அழைப்பு போன இடம், அவன் வீடு. யாரோ எடுத்துவிட்டார்கள்.

செல்லில் வீட்டுக்கு அடித்தான். பிஸி. மறுபடி. பிஸி. பெட்டியில் அழைப்பைத் துண்டிக்கும் பட்டனை அழுத்தினான். துண்டாகவில்லை.

நான்கு நிமிடம். விளக்கு அணைந்தது. மறுபடி செல்லில் அடித்தான், இந்தத் தடவை வீட்டில் மணி அடித்தது.

"அப்பா, இப்பதான பேசுனீங்க?" என்றாள் மகள்.

"என்ன பேசினேன்?"

"வாசல்ல நிக்கறேன், திறன்னு. திறந்துட்டேன்."

"பாப்பா, கதவை மூடு. மூடும்மா."

"ஆனா நீங்கதான் உள்ள வந்துட்டீங்களே."

போன் கைமாறும் சத்தம். பிறகு அவன் குரல். அதே இழுப்பு. அதே இடத்தில் செருமல்.

"வணக்கம். தயவுசெய்து காத்திருங்கள்."

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விழுந்தது.