எதிர் நாற்காலி

முதலமைச்சர் அறையில் என் வேலை ஒரு நாற்காலியைப் பார்த்துக்கொள்வது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நாற்காலிக்காக அடித்துக்கொள்ளும் கட்டடத்தில், யாரும் ஆசைப்படாத நாற்காலி ஒன்றுக்குக் காவல் இருப்பவன் நான். பதவியின் பெயர் எதிரிருக்கை அலுவலர். காலையில் வந்ததும் நாற்காலியைத் துடைப்பேன். அது முதலமைச்சரின் நாற்காலிக்குச் சமமான உயரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு விரல் தாழ்ந்தாலும் அன்றைய ஆணைகள் செல்லாது. பிறகு பக்கத்தில் தண்ணீர் வைப்பேன். வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் தொண்டை வறண்டிருக்கும்.

அன்று முதலில் வந்தவர் ஒரு புரோட்டாக் கடைக்காரர். புதிய மேம்பாலம் அவர் கடைமேல் போகிறது. முதலமைச்சர் யாழரசி எழுந்து நின்று வணங்கி, உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க கடையை எடுக்கப் போறோம். பாலம் வந்தா பத்து ஊருக்கு நல்லது, உங்களுக்கு நட்டம். வேற இடம் தருவோம். ஆனா அங்க இந்த அளவுக்கு யாவாரம் நடக்காது."

கடைக்காரர் கொஞ்ச நேரம் திட்டினார். திட்டுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, "கேட்டேன்" என்றார். மேசையிலிருந்த பச்சை விளக்கு எரிந்தது. ஆணை உயிர் பெற்றது.

இதுதான் எதிரிருக்கைச் சட்டம். அரசு எந்த ஆணை போட்டாலும், அதனால் யாருக்கு அதிக இழப்பு என்று கணிப்பான் பார்க்கும். மாநிலத்தின் எல்லாப் பதிவுகளையும் விழுங்கி வைத்திருக்கும் இயந்திரம் அது. அது காட்டுகிற ஆளை அழைத்துவந்து, முதலமைச்சரே முகத்துக்கு முகம் சொல்லவேண்டும். அந்த ஆள் சம்மதிக்க வேண்டியதில்லை. கேட்டேன் என்று சொன்னால் போதும். சொல்லாதவரை கஜானாவும் திறக்காது, அணையும் திறக்காது. எல்லாப் பூட்டும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

சட்டத்தைக் கொண்டுவந்தவரே யாழரசிதான். பயிற்சி அதிகாரிகளிடம் அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்: "குனிஞ்சு காகிதத்தைப் பாத்து கையெழுத்துப் போட்டே இந்த நாட்டைக் கெடுத்தோம். நிமிந்து முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. கண்ணைப் பாத்து யாராலயும் அநியாயம் பண்ண முடியாது." மேடைப் பேச்சு என்று நானும் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்து பார்த்தபிறகு எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. எத்தனையோ ஆணைகளை, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்த பிறகு அவரே கிழித்துப்போட்டிருக்கிறார்.

புரோட்டாக் கடைக்காரரை வழியனுப்பிவிட்டு வந்தபோது அறையில் நீர்வளத்துறைச் செயலர் நின்றிருந்தார். ஒரு வாரமாக மழை. நீலமங்கலம் நீர்த்தேக்கம் வாய்வரை வந்துவிட்டது. கரை எங்கேயோ கசிகிறது. உடைந்தால் தலைநகரத்தின் வடபாதி போய்விடும். கிழக்கு மதகைத் திறந்தால் நகரம் தப்பும். தண்ணீர் ஆனைத்திட்டு என்ற ஆற்றிடை ஊரின்மேல் போகும்.

"திட்டுல ஆளுங்க?" என்று கேட்டார் யாழரசி.

"காலையிலேயே படகு வெச்சு மேட்டுக்குக் கொண்டுவந்துட்டோம் மேடம். யாரும் இல்ல."

"கணிப்பான் யாரைச் சொல்லுது?"

செயலர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாரிக்கண்ணு, வாத்து வளர்ப்பு. வீடு, கொட்டகை, வாத்துகள் எல்லாம் ஊரில் மற்றவர்களுக்கும் உண்டு. ஆனாலும் இயந்திரம் இந்தப் பெண்ணை எல்லோருக்கும் மேலே வைத்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் வீட்டுக்காரர் வேம்பு படகில் ஏறியவர்களில் இல்லை. அவர் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டிய, கையில் கட்டும் இடஞ்சுட்டியும் பேசவில்லை.

பாதை அறுந்திருந்ததால் அவளை நேரில் கொண்டுவர முடியவில்லை. நேரில் வர முடியாதவர்களுக்காக மேட்டுப் பள்ளியில் இருந்த கேட்பறையில் உட்காரவைத்தார்கள். நான் பொத்தானை அழுத்தியதும் அவளுடைய ஒளியுரு எதிர் நாற்காலியில் வந்து அமர்ந்தது. ஒளியுருவில் எல்லாமே அப்படியே தெரியும். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே கம்பளம் காய்ந்து கிடந்தது.

யாழரசி எழுந்து வணங்கினார். மதகைத் திறக்கப்போவதைச் சொன்னார். எதுவும் மிஞ்சாது என்பதையும் சொன்னார். மாரிக்கண்ணு குறுக்கே பேசவில்லை. கடைசியில்தான் கேட்டாள்.

"ஊருல எல்லாருக்குந்தான் வீடு போவுது. என்னைய மட்டும் எதுக்குக் கூப்புட்டீங்க?"

செயலர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு எங்க?"

செயலர் முதலமைச்சரின் காதருகே குனிந்தார். "மேடம், கரை இளகுது. இனி நேரமில்ல. கிடைச்சிட்டாருன்னு சொல்லிடுங்க. ட்ரோன் தேடிக்கிட்டுத்தான் இருக்கு, கிடைச்சாலும் கிடைப்பாரு."

எதிரே இருந்தவளுக்கு இது கேட்காது. நாற்காலியில் இருப்பவரை நோக்கிப் பேசினால்தான் அங்கே போகும். யாழரசி செயலரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாரிக்கண்ணுவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறுத்துவிடுவார் என்றுதான் நான் நம்பினேன். சாமி சத்தியமாக நம்பினேன்.

"கிடைச்சிட்டாரும்மா. நம்ம படகுலதான் வந்துக்கிட்டிருக்காரு," என்றார்.

குரல் நடுங்கவில்லை. கண் அசையவில்லை. இத்தனை வருடம் உண்மை சொல்லிப் பழகிய கண் அது.

மாரிக்கண்ணு அந்தக் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோள் தளர்ந்து மூச்சு விட்டாள். "அப்ப சரிங்க. வாத்து போனா போவுது. கேட்டேன்."

பச்சை விளக்கு எரிந்தது. மதகு திறந்தது. நகரத்தில் ஒரு தெருவும் மூழ்கவில்லை. தொலைக்காட்சிகள் முதலமைச்சரின் துணிவைப் பாராட்டின. வேம்பு மறுநாள் ஆற்றின் கீழ்க்கரையில் ஒரு கருவேலமரத்தில் கிடைத்தார்.

அதன் பிறகு யாழரசி அந்த நாற்காலியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஒரு தடவை, அது காலியாக இருந்தபோது, "கம்பளம் ஈரமா இருக்கு, மாத்தச் சொல்லுங்க" என்றார். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். உலர்ந்துதான் இருந்தது. இருந்தாலும் மாற்றினேன். புதுக் கம்பளத்தையும் ஈரம் என்றார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

மழை விட்டதும் மதகை மூடவேண்டி வந்தது. மூடாவிட்டால் கோடைக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஓர் ஆணையைத் திரும்பப் பெறுவதானாலும் அதே ஆளிடம் சொல்லவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. யாழரசி தன் கையால் எழுதிச் சேர்த்த வரி அது. செயலர் வேறு வழி தேடினார். "சட்டப்படியே நடக்கட்டும்" என்று முதலமைச்சர் சொல்லிவிட்டார். ஒளியுரு வேண்டாம், நேரில் அழைத்துவாருங்கள் என்றும் சொன்னார். அவர் அவளிடம் என்ன சொல்லப்போகிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்திருந்தது.

மாரிக்கண்ணு வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. நான் வைத்த தண்ணீரைத் தொடவில்லை.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்," என்றார் யாழரசி. "அவரு கிடைக்கலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். நகரத்தைக் காப்பாத்தத்தான் சொன்னேன், ஆனா பொய் பொய்தான். என்ன தண்டனை கேட்டாலும்..."

"தெரியுங்க," என்றாள் மாரிக்கண்ணு. "பொணம் வந்தன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

சண்டைக்கு வந்தவள்போல அவள் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"கிடைக்கலைன்னு சொல்லியிருந்தாலும் நான் கேட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அம்மாம் பெரிய ஊரு சாவட்டும்னா சொல்லுவேன்? அடுத்த படகுல வந்துடுவாருன்னுதான் அன்னைக்கு நான் ஏறி வந்தேன். ஆனா வரலைன்னு தெரிஞ்சிருந்தா, கேட்டேன்னு சொல்றதுக்கு மின்னாடி ஒண்ணு சொல்லியிருப்பேன். மழைன்னா அவரு பழைய பம்புசெட்டு ரூம்புலதான் குஞ்சுங்களைப் போட்டு வெச்சிக்கிட்டுப் படுத்திருப்பாரு. காங்கிரீட்டு கூரை. மேல இருந்து உங்க ட்ரோன் எப்புடிப் பாக்கும்? படகுக்காரன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கூப்புடுற தூரந்தான்."

யாழரசி செயலரைத் திரும்பிப் பார்த்தார்.

"கிடைச்சிட்டாருன்னு சொன்னீங்க. அதனால நான் சொல்லல. நீங்களும் கேக்கல."

செயலர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரசு ஊழியன் அழக்கூடாது என்று விதி எதுவும் இல்லாவிட்டாலும் அடக்கிக்கொண்டேன்.

"தண்டனைன்னு கேட்டீங்க," என்றாள் மாரிக்கண்ணு. "எனக்கு ஒண்ணும் வேணாம். ஆனா இனிமே யாரு மூஞ்சியையும் பாத்து பேசாதீங்க. அன்னைக்கு நீங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். கத்தியிருப்பேன். ஓடியிருப்பேன். உங்க கண்ணைப் பாத்துத்தான் ஏமாந்தேன். மதகை மூடிக்கங்க. கேட்டேன்."

விளக்கு எரிந்தது. அவள் எழுந்து போனாள். நான் கதவுவரை கூடப் போனேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

யாழரசி பதவி விலகக் கடிதம் எழுதினார் என்றும் கட்சி தடுத்துவிட்டது என்றும் பேச்சு வந்தது. எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மறுநாளிலிருந்து அவர் தலை நிமிரவில்லை. எழுந்து வணங்குவார், உட்காருவார், மேசையைப் பார்த்தபடியே சொல்வார். பொய் மட்டும் சொல்லவில்லை. நட்டத்தை நட்டம் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் முன்பைவிடக் கறாராகச் சொன்னார்.

போன மாதம் ஒரு தலைமையாசிரியர் வந்தார். மலையடிவாரத்தில் அவர் பள்ளியை மூடுகிறார்கள். பெயர் அந்தோணிராஜ். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பிள்ளைகள் இனி காட்டுப்பாதையில் அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகவேண்டும். அங்கே யானை நடமாட்டம் அதிகம். கணிப்பான் அவரைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நான் யோசிக்க விரும்பவில்லை. அவர் பேத்தி அதே பள்ளியில் படிக்கிறாள்.

"மேடம், பிள்ளைங்களுக்கு வண்டி விடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

யாழரசி குனிந்த தலையோடு சொன்னார். "இல்ல சார். வண்டிக்கு வழி இல்ல. நான் கேட்டுப் பாத்துட்டேன். வராது. பிள்ளைங்களைத் தனியா அனுப்பாதீங்க. தயவுசெஞ்சு அனுப்பாதீங்க."

தலைமையாசிரியர் முதலமைச்சரின் உச்சந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "கேட்டேன் மேடம்," என்றார்.

தாழ்வாரத்தில் நடக்கும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. "எவ்வளவு பெரிய பதவி, எவ்வளவு பணிவு பாத்தீங்களா? நம்ம முகத்தைப் பாக்கவே கூச்சப்படுறாங்க. அப்படிப்பட்டவங்க நம்மளைக் கைவிட மாட்டாங்க."

"சார், வண்டி வராதுன்னுதான் சொன்னாங்க," என்றேன்.

"வாயால அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி. நட்டத்தைத்தான் சொல்லணும்னு சட்டம் இருக்குல்ல." என் தோளைத் தட்டிவிட்டு, போனை எடுத்து ஊருக்குப் பேசினார். "பேசிட்டேம்மா. முதலமைச்சரே தலைகுனிஞ்சு நின்னாங்க. திங்கக்கிழமை பாப்பாவை ரெடி பண்ணி ரோட்டுல நிறுத்து. வண்டி வந்துடும்."