வலது காலின் அச்சு

வனக்காவலர் கைப்பேசிக்கு அனுப்பிய படத்தில், ஈர மண்ணில் பதிந்திருந்த காலணித் தடத்தின் குதிகால் பக்கம், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு மண் அமுங்காமல் அப்படியே நின்றது. மனைவி அதைக் கவனிக்கவில்லை. அவளுக்குக் கண்ணெல்லாம் தண்ணீர்.

"நம்ம பாப்பாவோடதுங்க. ஆபீஸ்ல இருக்கற தாளோட அச்சு அசலா ஒத்துப்போகுதாம். நேத்து நடந்த தடமாம். சனிக்கிழமையே கெளம்பிடலாம்."

மலைமேல் இருக்கும் அந்த வனப்பூங்காவுக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் தம் வலது காலணியின் அச்சை ஒரு தாளில் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். யாராவது தொலைந்தால் அந்தத் தாளை வைத்துத்தான் தடம் பார்ப்பார்கள். மூன்று வருடம் முன்னால் மகள் சிநேகிதிகளோடு கிளம்பியபோது அச்சு எடுத்துக் கொடுத்தது அப்பாவான அவர்தான். இருபது வருடமாய் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஆனால் புதுக் காலணியை மகள் பைக்குள் அடியில் வைத்துக் கட்டிவிட்டிருந்தாள். அவிழ்க்கச் சோம்பல்பட்டு, வாசலில் கிடந்த அவளுடைய பழையதில் மை தடவி ஒற்றி எடுத்துவிட்டார். உருளையில் மை குறைந்து குதிகாலில் ஒரு பொட்டு விழவில்லை. யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

பார்த்தார்கள். அவள் தொலைந்த மறுநாள் ஓடைக்கரையில் ஒரு புதுத் தடம் கிடைத்திருக்கிறது. தாளோடு ஒத்துப்போகவில்லை என்று எதிர்ப்பக்கம் தேடப் போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து, தேடுவதை நிறுத்திய அன்றுதான் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அன்றைக்கு மென்று முழுங்கியதை அவர் இன்றுவரை மனைவியிடம் சொல்லவில்லை.

அவள் சமையலறைக்குள் போனதும், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பழைய காலணியை இறக்கித் திருப்பிப் பார்த்தார். தூசி. உள்ளே சிலந்திக்கூடு. குதிகாலில் ஒரு குறையும் இல்லை. காட்டில் நடப்பது இந்தக் காலணி இல்லை. அவர் ஒற்றி எடுத்த அந்தத் தாள்.

சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அவள் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள். பேருந்துக்குச் சொல்லிவைத்தாள், கம்பளி, மருந்து, டார்ச் என்று பட்டியல் போட்டாள், "உங்களுக்கு மூச்சு வாங்கும், பாதியிலயே உக்காந்துடுவீங்க" என்று கேலிகூடச் செய்தாள். மூன்று வருடத்தில் அந்தச் சிரிப்பை அவர் பார்த்ததே இல்லை. எப்படிச் சொல்வார்?

புதன்கிழமை காவலர் பேசினார். "தடம் கீழ எறங்குது சார். வலது காலு மட்டுந்தான் தெரியுது. எடது காலு ஏன் பதியலன்னு புரியல."

வியாழக்கிழமை: "கேட்டைத் தாண்டிடுச்சு சார். பூட்டு போட்டபடியேதான் இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் காவலரின் குரல் இறங்கிப் போயிருந்தது. "ரோட்டோரமா வருது சார். உங்க ஊர்ப் பக்கம்."

அன்று பகலெல்லாம் மழை. கூரைத் தகரத்தில் விழுந்து குழாய் வழியே இறங்கி வாசல் தொட்டியை நிரப்பும் தண்ணீரின் இரைச்சலுக்கு நடுவே, நனைந்த சுவரின் வாடையோடு வேறொரு வாடையும் கூடத்துக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவருக்கு அது தெரிந்த வாடைதான். அச்சு மை.

மனைவி மகளின் கம்பளிச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவ எடுத்துட்டுப் போனது புது ஷூ. நான் பழசுல அச்சு எடுத்துக் குடுத்துட்டேன். ஓடைக்கரையில கெடச்சதுதான் அவ தடம்."

அவள் மடித்த சட்டையைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"அப்போ அவ அங்கதான் இருந்திருக்கா."

"ஆமா."

"எத்தன நாள் இருந்திருப்பா?"

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவள் அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இப்ப வர்றது அவ இல்லம்மா," என்றார். "நான் குடுத்த அந்த அச்சு..."

வாசற்படியில் ஒரு சத்தம்.

ஈரமாக. தட்.

நின்றது.

மறுபடி தட். ஒரே கால். ஒரே கனம்.

அவள் எழுந்தாள்.

"தொறக்காத. கும்புட்டுக் கேக்கறேன்."

"மூணு வருஷமா இந்தக் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கேன்," என்றாள் அவள். "நீங்க செஞ்சதுக்கு, அவ வரமாட்டா. வர்றதையாவது உள்ள விடுங்க."

தாழ்ப்பாளை இழுத்தாள். சாரல் முகத்தில் அடித்தது. வாசலில் யாரும் இல்லை. தெருவில் யாரும் இல்லை.

படியில் ஒரு வலது கால். அதற்கு முன்னால் இன்னொரு வலது கால். கறுப்பாக. குதிகாலில் ஒரு பொட்டு விழாமல்.

அவர் பார்க்கப் பார்க்க, நிலைக்கு உள்ளே, மனைவியின் பாதத்துக்குப் பக்கத்தில் அடுத்தது பதிந்தது.

"வந்துட்டியாம்மா," என்றாள் அவள். கை இரண்டையும் விரித்து, வெறும் காற்றை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

அவள் முதுகில், வலது பக்கம் மட்டும், ரவிக்கைத் துணி உள்வாங்கிச் சுருங்கியது. ஐந்து விரல் கறுப்பாகப் பதிந்து, மெல்ல இறுகியது.