சுவரோரத்து வைஃபை

“வைஃபை பேரையோ பாஸ்வேர்டையோ மாத்துன, பெட்டியத் தூக்கி ஓடையில எறிஞ்சுருவேன்! அது என் வீட்டுக்காரரு வச்சது!” முனீஸ்வரி கத்தினாள்.

“செத்த மனுசன் வச்சதக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு அழுவ?” பால்ராஜும் குரலை உயர்த்தினான்.

“அவரு பொணத்தப் பாத்தியா நீ?”

அவன் குனிந்து ரவுட்டர் பெட்டியில் ஒயரைச் சொருகினான். போன மழையில் மலை சரிந்து, கீழே இருந்த தோட்டக் கூலிகளின் லயத்து வீடுகளை ஆட்களோடு விழுங்கியது. அங்கே சீட்டாடப் போயிருந்த அவள் புருசன் சோலைமலையும் போனவன்தான். ஒருவரையும் தோண்டி எடுக்க முடியவில்லை. முனீஸ்வரி இன்னும் தாலி கழற்றவில்லை.

போடியில் செல்போன் கடை வைத்திருப்பவன், கடையைப் பூட்டிவிட்டு ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறி வந்து, மலிவு ரவுட்டரைச் சும்மா சரிசெய்து தருவது எதற்காம்? தொழில் பக்தியா? அவளைக் கட்டிக் கீழே கூட்டிப்போகும் ஆசை தேவாரம் ஊர் வரைக்கும் தெரிந்த கதை.

கம்பெனி போட்ட மென்பொருளை வழித்துவிட்டு, எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நெட்டில் விட்டிருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஒன்றை ஏற்றினான். இடையில் கரண்ட் போனால் பெட்டி செத்து வெறும் செங்கல். அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை. அவள் கேட்டபடியே பழைய பேர், பழைய பாஸ்வேர்டு. முன்பு சேர்ந்திருந்த போன்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். அவனுக்கும் சோலி மிச்சம்.

லேப்டாப் திரையில் ஒரு போன் வந்து ஒட்டியது. அவர்கள் இருவரின் போன்களும் கட்டிலில் அணைந்து கிடந்தன.

வந்த போனின் பேர்: சோலைமலை.

“எவனோ வெளையாடுறான்,” என்றான்.

முனீஸ்வரி அழவில்லை. சிரித்தாள். “சிக்னல் எட்டல அவருக்கு. கூட்டி வையி.”

“வேணாம் முனீசு…”

“கூட்டுய்யா! உன் காலப் பிடிக்கிறேன். வெரசா!”

பிடித்தே விட்டாள். புது மென்பொருளில் அதற்கு வழி இருந்தது. கூட்டினான்.

மதியத்திலேயே மஞ்சுப் பனி இறங்கி ஏலச்செடிகளை மூட, ஈரத்தில் அழுகிய காயின் வாடையும், அதற்கடியில் புதுக்குழியின் மண்வாடையும் கதவிடுக்கில் நுழைய, ஓடைப்பக்கமிருந்து சேற்றில் கால் பிடுங்குவதுபோல் சளப், சளப்பென்று ஏதோ மேடேறி வந்துகொண்டிருந்தது. ஒரு கோடாக இருந்த சிக்னல் இரண்டானது. மூன்றானது.

அப்புறம் இன்னொரு போன். காசிமாயன். ஆயம்மாள். சுருளியம்மாள்.

லயத்தில் யாருக்கு நெட் இருந்தது? பொழுதுசாய இந்த வீட்டுச் சுவரோரம் வரிசையாகக் குந்தி, ஓசி வைஃபையில் வெளியூர்ப் பிள்ளைகளிடம் பேசிவிட்டுப் போனவர்கள்தான், மண்ணில் புதைந்த அத்தனை பேரும்.

பிளக்கைப் பிடுங்கினான்.

பெட்டியின் விளக்குகள் அணையவில்லை.

சளப். சுவருக்கு அந்தப்பக்கம். சளப்.

நின்றது.

முனீஸ்வரி கதவைத் திறந்தாள். அவளுக்காக உயிரையே தருவதாகச் சொல்லித் திரிந்த வீரன், லேப்டாப்பையும் செருப்பையும் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினான்.

கடையை வந்த விலைக்கு விற்றான். திருப்பூருக்குக் குடிபோனான். வைகாசியில் ராசிங்காபுரத்துப் பானுப்பிரியாவைக் கட்டினான். வீட்டில் வைஃபை போட விடமாட்டேனென்கிறான் என்பது ஒன்றுதான் அவள் குறை. முனீஸ்வரி மலையை விட்டு எங்கும் போகவில்லை.

வீட்டையொட்டிய ஜீப்புத்தடத்து வளைவில் அன்று திரும்பிப் பார்த்ததை, குடித்தால் மட்டும் சொல்வான்: சுவரோரம் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், உள்ளங்கையைப் பார்த்துத் தலை குனிந்து. முனீஸ்வரி முந்தானையால் ஒவ்வொரு முகமாகத் துடைத்துக்கொண்டே போனாள். “நீங்களா? நீங்களா?” துடைக்கத் துடைக்க உள்ளேயும் மண்தான். வரிசைக் கடைசியில் இருந்த உருவம், அவள் உட்கார இடம் விட்டு, மெல்ல நகர்ந்து குந்தியது.